கப்பலை விட்டு இறங்கிய பிறகு நாலு நாள்: கோபன்ஹேகனில் குடும்பத்தோடு ஓய்வெடுக்க ஒரு திட்டம்

கப்பல் பயணமே ஓய்வுதான் என்று நாங்களும் நினைத்திருந்தோம். டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் ஏறி, ஸ்டவாங்கர், பெர்கன், ஃப்ளாம், கெய்ராங்கர் என்று நார்வேயின் நான்கு ஊர்களைப் பார்த்துவிட்டு, ஏழு இரவுக்குப் பிறகு கோபன்ஹேகனிலேயே வந்து இறங்கும் பயணம். மே மாதக் கடைசி. மலைமேல் பனி உருகும் நேரம் என்பதால் கெய்ராங்கரில் ஏழு சகோதரிகள் அருவி நிறைந்து கொட்டியது. அதைப் பார்க்க விடியற்காலையில் குழந்தைகளை எழுப்பி மேல்தளத்துக்கு ஓடினோம். ஒவ்வொரு ஊரிலும் இதே கதைதான். காலை ஏழு மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும், சொன்ன நேரத்துக்குள் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும், ராத்திரி ஒன்பது மணிக்கு ஏதாவது நிகழ்ச்சி. பார்த்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஏழாம் நாள் வந்தபோது என் அத்தைக்கு முழங்கால் வீங்கியிருந்தது, சின்னவன் காரணமில்லாமல் அழுதான்.

எங்கள் அக்கா குடும்பம் அதற்கு முந்தின வருடம் இதே மாதிரி கப்பலில் வந்து இறங்கி, அடுத்த ஐந்து நாளில் கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஓஸ்லோ மூன்றையும் முடித்தார்கள். ஊர் திரும்பியதும் அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பெட்டியை இழுத்ததுதான்டி ஞாபகம் இருக்கு." அதனால்தான் நாங்கள் வேறு மாதிரி யோசித்தோம். ஒரே ஊர், ஒரே வீடு, நாலு இரவு. ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் வெளியே. அதைத்தான் இங்கே விவரமாகச் சொல்லப் போகிறேன். நாங்கள் ஐந்து பேர்: நான், என் கணவர், 71 வயது அத்தை, 11 வயதுப் பெண், 6 வயதுப் பையன். இதில் அத்தை சுத்த சைவம். உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனால் பெரியவரும் குழந்தையும் சேர்ந்து போகிற குடும்பம் என்றால் இதில் பாதியாவது உங்களுக்குப் பொருந்தும்.

விசாவில் இந்த நாலு நாளும் கணக்கில் வரும்

டென்மார்க், நார்வே, சுவீடன் மூன்றும் ஷெங்கன் நாடுகள். ஒரே விசா போதும். எந்த நாட்டின் விசா கேட்பது என்பதில்தான் கப்பலில் போகிறவர்கள் குழம்புவார்கள். எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறோமோ அந்த நாட்டில் கேட்க வேண்டும், சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டில் கேட்க வேண்டும். எங்களுக்கு நார்வேயில் நான்கு துறைமுக நாட்கள். டென்மார்க்கில் கப்பலுக்கு முன் ஒரு இரவு, பின் நாலு இரவு. ஆக டென்மார்க் என்று தெளிவாகிவிட்டது. இறங்கிய பிறகு நாலு நாள் தங்குவதில் இப்படி ஒரு வசதியும் இருக்கிறது.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும் என்பது விதி. கோடை நெருங்கும்போது அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம் என்பதால் நாங்கள் மூன்று மாதம் முன்பே முடித்தோம். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. காப்பீட்டுத் தேதிகளில் இந்த நாலு நாளும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், கப்பல் தேதியை மட்டும் போட்டு எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. இன்னொன்று, உங்கள் கப்பல் நடுவில் ஸ்காட்லாந்து மாதிரி பிரிட்டன் துறைமுகத்தைத் தொடுகிறது என்றால் ஷெங்கனை விட்டு வெளியே போய்த் திரும்பி வருவதாக அர்த்தம். அப்போது பலமுறை நுழையும் விசா வேண்டும். பிரிட்டன் விசா தேவையா என்று கப்பல் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு எங்கே, எப்படிப்பட்ட வீடு

இதில் நாங்கள் ஒரு தப்புச் செய்துவிட்டுத்தான் கற்றுக்கொண்டோம். கப்பல் ஏறுவதற்கு முந்தின இரவுக்கும், இறங்கிய பிறகு நாலு இரவுக்கும் ஒரே அபார்ட்மென்ட்டைப் பதிவு செய்திருந்தோம். படத்தில் வெள்ளைச் சுவரும் மரத்தரையுமாக அழகாக இருந்தது. போய்ப் பார்த்தால் நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கோபன்ஹேகனின் பழைய குடியிருப்புகள் நிறைய இப்படித்தான். நூறு வருடத்துக்கு மேலான ஐந்து மாடிக் கட்டடங்கள், குறுகலான மரப்படிகள். அத்தை ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி ஏறி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. "மலைக்கோட்டை ஏறினா பிள்ளையாராவது இருப்பார்" என்றார்கள். அன்று இரவே உட்கார்ந்து, திரும்பி வந்த பிறகு தங்குவதற்கு வேறு இடம் போட்டோம். முன்பு கட்டியதில் பாதிப் பணம் வரவில்லை. போனால் போகிறது என்று விட்டோம். அந்த முடிவு நல்ல முடிவு.

ஆகவே வீடு தேடும்போது விலைக்கும் முன்னால் லிஃப்ட் இருக்கிறதா என்று பாருங்கள். டேனிஷ் மொழியிலும் அதற்கு எலிவேட்டர் என்றுதான் பெயர், கண்டுபிடிப்பது சுலபம். அடுத்து, வரவேற்பு மேசை உள்ள அபார்ட்மென்ட் ஹோட்டலாகப் பாருங்கள். கப்பலிலிருந்து காலை எட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் இறக்கிவிட்டு விடுவார்கள். அறை சாவி மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். இடைப்பட்ட ஆறு மணி நேரம் பெட்டிகளை யாராவது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தனியார் வீட்டில் சாவி ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கும், மனிதரே இருக்கமாட்டார். மூன்றாவது அடுப்பு, நாலாவது துணி துவைக்கும் இயந்திரம். ஏழு நாள் அழுக்குத் துணியை வைத்துக்கொண்டு ஓய்வாக இருக்க முடியாது.

இடத்துக்கு நான் சொல்வது ஃப்ரெடெரிக்ஸ்பெர்க். கோபன்ஹேகனுக்கு நடுவிலேயே தனி நகராட்சியாக இருக்கிற ஊர் இது. அகலமான சாலை, மரங்கள், சத்தம் குறைவு. மெட்ரோவில் எம்2 என்று ஒரு பாதை இருக்கிறது. அது ஃப்ரெடெரிக்ஸ்பெர்க்கில் நின்று, நோரபோர்ட் வழியாக, கொங்கென்ஸ் நியூடோர்வ் வழியாக, அமேகர் கடற்கரை வழியாக நேராக விமான நிலையத்துக்குப் போகிறது. அரண்மனைத் தோட்டமும் வட்டக் கோபுரமும் நோரபோர்ட்டில் இறங்கினால், நியூஹவ்ன் படகுத்துறை கொங்கென்ஸ் நியூடோர்வில் இறங்கினால். நாலு நாளில் நாங்கள் போன இடங்களில் முக்கால்வாசி இந்த ஒரே கோட்டில் வந்துவிட்டது. மாறி ஏற வேண்டியதில்லை. எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு. ஓட்டுநர் இல்லாத ரயில் என்பதால் முன்பக்கக் கண்ணாடியை ஒட்டிய இருக்கையில் குழந்தைகள் உட்கார்ந்து தாங்களே ஓட்டுவது மாதிரி வரலாம். எங்கள் சின்னவனுக்கு டென்மார்க்கில் மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் இன்றைக்கும் அதைத்தான் சொல்வான்.

டிக்கெட்டுக்கு சிட்டி பாஸ் ஸ்மால் என்று ஒன்று இருக்கிறது. ஒன்று முதல் நாலு வரையான மண்டலங்களில் மெட்ரோ, பஸ், ரயில், துறைமுகப் படகு பஸ் எல்லாவற்றிலும் செல்லும், விமான நிலையமும் அதற்குள் வந்துவிடும். ஒரு பெரியவரோடு 12 வயதுக்குக் குறைந்த இரண்டு குழந்தைகள் இலவசம். ஆக எங்களுக்கு மூன்று பாஸ்தான்.

இறங்கும் நாள்

கப்பலில் கடைசி ராத்திரி பெரிய பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். வண்ணச் சீட்டுக் கட்டி எடுத்துப் போய்விடுவார்கள். மறுநாள் கரையில்தான் பார்க்கலாம். அத்தையின் ரத்த அழுத்த மாத்திரை டப்பா அந்தப் பெட்டியோடு போய்விட்டது. காலை ஏழு மணிக்குப் போட வேண்டிய மாத்திரையைப் பத்து மணிக்குத்தான் போட முடிந்தது. ஒன்றும் ஆகவில்லை, ஆனால் எனக்கு அந்த மூன்று மணி நேரம் வயிற்றில் புளி கரைத்தது. மாத்திரை, பாஸ்போர்ட், சார்ஜர், ஆளுக்கு ஒரு மாற்றுத் துணி, ஒரு ஸ்வெட்டர் இவை கைப்பையில் இருக்கட்டும். இறங்கும் நேரத்தை நாமே சொல்ல முடியும் என்றால் கடைசிக் குழுவைக் கேளுங்கள். கப்பலிலேயே நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு இறங்கலாம். அவசரமாகப் போய்ப் பார்க்க அன்றைக்கு ஒன்றுமே வைத்துக்கொள்ளவில்லை அல்லவா!

கோபன்ஹேகனில் கப்பல் நிற்கும் இடம் ஒன்றல்ல. பெரிய கப்பல்கள் பெரும்பாலும் நோர்ட்ஹவ்ன் பகுதியில் ஓஷன்கை என்கிற துறையில் நிற்கும், அது ஊரை விட்டுத் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து பஸ் பிடித்து ஓரியன்ட்கை மெட்ரோ நிலையம் வந்து ஊருக்குள் வரலாம். லாங்கலீனியெ துறை என்றால் ஊருக்குப் பக்கம், கடல்கன்னிச் சிலையும் அங்கேதான். உங்கள் கப்பல் எந்தத் துறையில் நிற்கும் என்று முன்பே பார்த்து வையுங்கள். ஐந்து பெட்டியோடு நாங்கள் பஸ்ஸில் ஏறவில்லை. பெரிய டாக்ஸி கேட்டு வரிசையில் நின்று, ஒரே வண்டியில் போனோம். அந்த ஒரு செலவில் கணக்குப் பார்க்காதீர்கள்.

பெட்டியை ஹோட்டலில் கொடுத்துவிட்டு ஃப்ரெடெரிக்ஸ்பெர்க் ஹேவெ என்கிற பூங்காவுக்கு நடந்தோம். ஹேவெ என்றால் தோட்டம். கட்டணம் கிடையாது. வாய்க்கால், மரப்பாலம், பெரிய புல்வெளி, எங்கே திரும்பினாலும் பெஞ்சு. சாம்பல் நிற நாரைகள் மரத்தில் கூடு கட்டி, ஆள் பக்கத்தில் வந்தாலும் அசையாமல் நிற்கும். பூங்காவின் ஒரு ஓரத்தில் மிருகக்காட்சிசாலையின் யானைக் கொட்டடி இருக்கிறது. கண்ணாடிக் கூரை போட்டு 2008இல் கட்டியது. டிக்கெட் எடுக்காமல் பூங்காவிலிருந்தே யானைகள் தெரியும். ஆசிய யானைகள். ஏழு நாளாகக் கடலும் பனிமலையும் பார்த்துவிட்டு வந்த அத்தை, யானையைப் பார்த்ததும் பெஞ்சில் உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அரை மணி நேரம் அங்கிருந்து எழவே இல்லை.

அதே பூங்காவில் ஒரு மரம் இருக்கிறது. கிளை முழுக்கக் குழந்தைகள் வாயில் வைக்கும் ரப்பர் சூப்பான்கள், வண்ண நாடாவில் கட்டித் தொங்குகின்றன. சூப்பானை விட வேண்டிய வயது வந்ததும் குழந்தையே கொண்டுவந்து மரத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகுமாம், சில சூப்பான்களோடு கடிதமும் இருக்கும். "நம்ம ஊர்ல தொட்டில் கட்டறோம், இவங்க இதைக் கட்டறாங்க" என்றார்கள் அத்தை. மேட்டின் மேல் மஞ்சளாகத் தெரிகிற ஃப்ரெடெரிக்ஸ்பெர்க் அரண்மனையைக் கட்டியவர் நான்காம் ஃப்ரெடெரிக். அவர் அனுப்பித்தான் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தார். இது தெரிந்திருந்தால் அந்தப் புல்வெளியில் உட்காரும்போது ஊர் அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

மூன்று மணிக்குச் சாவி வாங்கி, குளித்து, எல்லோரும் தூங்கினோம். முதல் நாளுக்கு அவ்வளவுதான் திட்டம். அதற்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள். குளியலறையில் தரை ஆடுகிற மாதிரி இருக்கிறது என்று அத்தை பயந்தார்கள். எனக்கும் இருந்தது. கப்பலில் ஏழு நாள் ஆட்டத்துக்குப் பழகிய உடம்பு, நிலையான தரையில் கொஞ்ச நேரம் ஆடும். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். அன்றைக்குப் பெரியவர்கள் சுவரைப் பிடித்து நடக்கட்டும், குளியலறையில் ரப்பர் விரிப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சோறு

ஏழு நாள் பஃபே சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். ஒரு வாய் தயிர்சாதம். கோபன்ஹேகனில் இதற்கு இந்தியக் கடை தேடி அலைய வேண்டியதில்லை. மஞ்சள் பலகையில் கறுப்பு நாய் போட்ட நெட்டோ கடை தெருவுக்குத் தெரு இருக்கும். அங்கே க்ரோத்ரீஸ் என்று ஒரு அரிசி விற்பார்கள், பால் கஞ்சி வைப்பதற்கான குட்டையான உருண்டை அரிசி. குழைய வேகும். பாஸ்மதியை விடத் தயிர்சாதத்துக்கு இதுதான் சரி. டிக்மெல்க் என்று ஒன்று இருக்கிறது, நம் வீட்டில் உறை ஊற்றிய தயிர் மாதிரியே லேசான புளிப்போடு இருக்கும். கேர்னமெல்க் என்பது நம் மோர்தான், அட்டைப் பெட்டியில் வரும். டேனிஷ்காரர்கள் கோடை வந்தால் இந்த மோரில் எலுமிச்சை, வெனிலா, சர்க்கரை சேர்த்து, மேலே சின்ன பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டுக் குளிரக் குளிரச் சாப்பிடுவார்கள். கோல்ட்ஸ்கோல் என்று பெயர். குழந்தைகளுக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அதில் முட்டை சேர்ப்பதுண்டு, சைவக்காரர்கள் லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள். போன் கேமராவை லேபிளின் மேல் காட்டினால் மொழிபெயர்த்துவிடும். மிட்டாய்களில் ஜெலட்டினுக்கும் அதே மாதிரி பாருங்கள்.

ஊரிலிருந்து கொண்டு போனது: புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், கொஞ்சம் கடுகு, பெருங்காயம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டு வரக் கூடாது. அதனால் நெய், பால்கோவா, பன்னீர் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள், எடுக்காதீர்கள். சின்ன ரைஸ் குக்கரைக் கொண்டு போக வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் பெரும்பாலான கப்பல்களில் குக்கர், கெட்டில், இஸ்திரிப்பெட்டி எதையும் அறைக்குள் விடுவதில்லை, வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் திருப்பித் தருவார்கள். அடுப்புள்ள வீடு எடுத்தால் இந்தத் தொல்லையே வேண்டாம். பாத்திரத்தில் வடித்தோம், நன்றாகவே வந்தது.

குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். வெளியே ஹோட்டல் சாப்பாடு ஐந்து பேருக்கு நம் கையைக் கடிக்கும். பகல் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய்ப் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் அந்த ஊர்க்காரர்களின் வழக்கமும். யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கமாட்டார்கள்.

மீதி மூன்று நாள்

ஒரு நாள் நோரபோர்ட். கொங்கென்ஸ் ஹேவெ என்கிற ராஜாவின் தோட்டம், அதற்குள் ரோசன்போர்க் அரண்மனை. நான்காம் கிறிஸ்டியன் 1606இல் கட்டத் தொடங்கியது. அவர் காலத்தில்தான், 1620இல், தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். ரகுநாதர் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பள்ளியில் படித்த தரங்கம்பாடிக்கு இந்த முனையில் இப்படி ஒரு வீடு இருக்கிறது என்று பெரியவளுக்குச் சொன்னபோது அவள் முகம் மாறியது. அரண்மனைக்குப் பக்கத்துக் காவல் விடுதியிலிருந்து பதினொன்றரைக்குக் கரடித்தோல் தொப்பி போட்ட வீரர்கள் கிளம்பி, பன்னிரண்டு மணிக்கு அமாலியன்போர்க் அரண்மனை வாசலில் காவல் மாறுகிறார்கள். அவர்கள் கிளம்பும் இடத்திலேயே பார்த்துவிடுங்கள். கூட்டம் குறைவு, அவர்கள் பின்னாலேயே நடக்கவும் வேண்டாம். அதே நாளில் ருண்டெடோர்ன் என்கிற வட்டக் கோபுரத்துக்கும் நடந்து போய்விடலாம். இதுவும் அதே அரசர் கட்டியதுதான், 1642இல் முடிந்தது. படிக்குப் பதில் உள்ளே 209 மீட்டர் நீளச் சாய்தளம் ஏழரைச் சுற்றுச் சுற்றி மேலே போகிறது. கடைசியில்தான் கொஞ்சம் குறுகலான படி. அத்தை பாதி வரை வந்து, ஜன்னல் மாடத்தில் உட்கார்ந்து, "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கேயே காத்து வாங்கறேன்" என்றார்கள். இரண்டு மணிக்கெல்லாம் வீடு திரும்பினோம்.

அடுத்த நாள் கடற்கரை. அமேகர் ஸ்ட்ராண்ட்பார்க் 2005இல் மணல் கொட்டி உண்டாக்கியது, நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளம். மே மாதத்தில் தண்ணீர் குளிரும். முழங்கால் வரை இறங்கி நிற்கலாம், அவ்வளவுதான். கரையிலிருந்து பார்த்தால் கடலுக்குள் வரிசையாகக் காற்றாலைகள், அந்தப் பக்கம் சுவீடனுக்குப் போகிற ஓரசுண்ட் பாலம். குழந்தைகள் மணலில் விளையாட, என் கணவர் துண்டை விரித்துத் தூங்கிவிட்டார். காற்று பலமாக இருக்கும், காதை மூடுகிற மாதிரி ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். மழை வந்தால் கரைக்குப் பதில் இரண்டு மூன்று நிலையம் தள்ளி, கஸ்ட்ருப்பில் இறங்கி நீலக்கோள் மீன் காட்சியகத்துக்குப் போகலாம் என்று வைத்திருந்தோம். மழை வரவில்லை.

பாலத்தைப் பார்த்ததும் ரயிலேறி மால்மோ போய்வந்தால் சுவீடனும் கணக்கில் வருமே என்று தோன்றும். நாற்பது நிமிடம்தான். நான் வேண்டாம் என்றேன். போவதென்றால் பாஸ்போர்ட்டைக் கட்டாயம் எடுத்துப் போங்கள், சுவீடன் பக்கம் ரயிலில் ஏறிப் பார்ப்பார்கள்.

மூன்றாம் நாள் காலை முழுக்க வீட்டில். துணி காய்ந்துகொண்டிருந்தது, பெரியவள் படித்தாள். நாலு மணிக்கு மேல் நியூஹவ்ன் பக்கம் போய்த் துறைமுகப் படகு பஸ்ஸில் ஏறினோம். சுற்றுலாப் படகுக்குத் தனிக் கட்டணம், இதற்கு நம் பாஸே போதும். நூலகத்தின் கறுப்புக் கல் கட்டடம், ஓபரா, பழைய கிடங்குகள் எல்லாம் படகிலிருந்தே தெரியும். அதன் பிறகு டிவோலி. 1843இல் திறந்த கேளிக்கைத் தோட்டம் இது, மத்திய ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. நுழைவுச் சீட்டு வேறு, ராட்டினச் சீட்டு வேறு என்பதைக் கவனியுங்கள். அத்தைக்கு நுழைவு மட்டும் போதும். பூவும் குளமும் பாட்டுமாக உட்கார்ந்து பார்க்கவே நன்றாக இருக்கும். 1914இல் செய்த மர ரோலர்கோஸ்டர் இன்னும் ஓடுகிறது, ஒவ்வொரு தொடரிலும் ஒரு ஆள் ஏறி உட்கார்ந்து கையால் பிரேக் போடுகிறார். விளக்கு ஏற்றினால்தான் டிவோலிக்கு அழகு. ஆனால் மே கடைசியில் சூரியன் மறைய ஒன்பதே முக்கால் ஆகிவிடும். அதனால்தான் பகலில் குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டுப் போனோம். பத்து மணிக்கு மரமெல்லாம் விளக்காக ஆனபோது இருவரும் விழித்திருந்தார்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள்

காலை நாலரைக்கே விடிந்துவிடும். திரை சரியில்லை என்றால் யாரும் தூங்க முடியாது. ஆளுக்கு ஒரு கண்பட்டை, கொஞ்சம் ஊக்கு, ஒரு கறுப்புத் துப்பட்டா பெட்டியில் இருக்கட்டும்.

சைக்கிள் பாதை எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதல் நாளே குழந்தைகளுக்குக் காட்டிவிடுங்கள். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவில், ஒரு சின்ன மேடாக இருக்கும். அதில் சைக்கிள்கள் நம் ஊர் டூவீலர் வேகத்தில் வரும். அந்த ஊரில் எனக்குப் பயமாக இருந்தது அது ஒன்றுதான். சின்னவன் கையை நான் விடவே இல்லை.

பணம் எல்லாம் கார்டிலேயே போகும். டேனிஷ் குரோனர்தான் அங்கே, யூரோ கிடையாது. கார்டு இயந்திரம் ரூபாயிலா குரோனரிலா என்று கேட்டால் குரோனர் என்று அழுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் கூடுதலாகப் பிடிப்பார்கள். ஜூன் 5 அவர்களின் அரசியல் சாசன நாள். அன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், முந்தின நாளே பால், அரிசி வாங்கி வையுங்கள்.

பானம் வாங்கும் பாட்டிலுக்கும் டின்னுக்கும் பான்ட் என்று ஒரு முன்பணம் சேர்த்துப் பிடிப்பார்கள். காலியானதைக் கடையில் இருக்கும் இயந்திரத்துக்குள் போட்டால் சீட்டு வரும், அதைக் காட்டிப் பணம் வாங்கலாம். கடைசி நாள் மாலை சின்னவன் நாலு நாளாகச் சேர்த்த பாட்டில்களை ஒவ்வொன்றாகப் போட்டு, வந்த சீட்டைக் கொடுத்து, ஏலக்காய் பன் வாங்கிக்கொண்டான்.

ஊருக்குத் திரும்பும் விமானம் மதியத்துக்கு மேல் இருக்கிற மாதிரி போடுங்கள். எங்களுடையது நாலு மணி. காலையில் மீதித் தயிரைக் கரைத்து மோராக்கிக் குடித்துவிட்டு, பெட்டிகளை லிஃப்டில் இறக்கி, அதே எம்2வில் ஏறினோம். இருபது நிமிடம். அமேகர் பக்கம் வந்ததும் ரயில் மேலே ஏறிக் கடல் தெரியும். முன் கண்ணாடி இருக்கையைச் சின்னவன் அன்றைக்கு அவன் பாட்டிக்கு விட்டுக்கொடுத்தான். அத்தை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, விமான நிலையம் வரும் வரை தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.